நஷ்டஈடு வருவதற்குள் அதன்பேரில் பணம் வாங்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 46, சிங்கப்பூரர். வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும்போது, சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பிய லாரி ஒன்று மோதியது. வலது கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்து, இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. உள்ளே உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். மருத்துவ விடுப்பு நீண்டுகொண்டே போனதில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வீடு திரும்பும் வழியில் சொந்த வண்டியில் நடந்த விபத்து என்பதால் வேலையிடக் காய இழப்பீடு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். தேக்காவில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனம் 80 விழுக்காடு பொறுப்பை ஒப்புக்கொண்டுவிட்டது. தொகையில்தான் இழுபறி. சகோதரி பாலர் பள்ளி ஒன்றில் பகுதிநேரத் துப்புரவு வேலை பார்க்கிறார். படிக்கும் பிள்ளைகள் இருவர்.

இந்த நிலையில், கணவரின் மாமா மகன் வழியாக ஒருவர் வந்திருக்கிறார். தன்னை 'கிளெய்ம் ஏஜண்ட்' (நஷ்டஈட்டு முகவர்) என்று சொல்லிக்கொள்கிறார். மனைவிக்குத் தெரியாமல் கணவர் அவரிடம் 2,000 வெள்ளி ரொக்கமாக வாங்கி, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். இப்போது இன்னும் 8,000 வெள்ளி தருவதாகச் சொல்கிறார். நஷ்டஈடு ஒரு வருடத்துக்குள் வந்தால் இரண்டு மடங்கு, அதற்குப் பிறகு வந்தால் மூன்று மடங்கு தர வேண்டும். வழக்கு தோற்றால் ஒன்றும் தர வேண்டாம். கூடவே மூன்று நிபந்தனைகள்: வழக்கை அவர் சொல்லும் வழக்கறிஞருக்கு மாற்ற வேண்டும், 90,000 வெள்ளிக்குக் குறைவான சமரசத்துக்கு அவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது, கணவரின் ஏடிஎம் அட்டையை 'உத்தரவாதமாக' அவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

"வழக்குக்குப் பணம் கொடுப்பதைச் சிங்கப்பூரில் 2017லேயே சட்டபூர்வமாக்கிவிட்டார்களாமே? தோற்றால் திருப்பித் தர வேண்டாம் என்றால் அது கடனே இல்லையே? அவர் நல்ல மனிதர்தான், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். சனிக்கிழமை மீதிப் பணத்தோடு வருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஏற்கெனவே வாங்கியதை என்ன செய்வது? இதையெல்லாம் எங்கள் வழக்கறிஞரிடம் சொன்னால் கோபித்துக்கொண்டு கேஸை விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு முறையான வழி ஒன்றை அரசாங்கம் ஏன் திறந்துவிடக் கூடாது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அந்த 8,000 வெள்ளியை வாங்காதீர்கள். ஏடிஎம் அட்டையை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், அதுவும் சனிக்கிழமைக்கு முன்பே. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் அந்தத் தாளைப் பார்த்தேன். ஒரே பக்கம். நான்காவது வரியில், எந்தச் சமரசத்துக்கும் முன் 'பணம் கொடுத்தவரின்' எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே வழக்கறிஞர் பெயருக்கு இடம் விட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டபோதும் அது காலியாகத்தான் இருந்திருக்கும். பிறகு யார் பெயரை வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம். வட்டியைவிட இந்த இரண்டு வரிகள்தான் எனக்குக் கவலையைத் தருகின்றன.

2017 சட்டம் யாருக்காக வந்தது

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுத்து, வரும் தொகையில் பங்கு வாங்குவது இங்கே நெடுங்காலமாகத் தடை செய்யப்பட்டிருந்தது. 2017 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தம் அந்தத் தடையில் ஒரு கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கதவு அனைத்துலக நடுவர் மன்ற வழக்குகளுக்காகவும் (நீதிமன்றத்துக்குப் பதிலாக, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவர் தீர்த்துவைக்கும் தகராறுகள்) அவற்றோடு தொடர்புடைய நடவடிக்கைகளுக்காகவும் திறக்கப்பட்டது. 2021 ஜூன் 28 முதல் உள்நாட்டு நடுவர் மன்ற வழக்குகளையும், சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றத்தின் சில வழக்குகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பணம் கொடுப்பவருக்கும் தகுதி உண்டு: வழக்குச் செலவுக்குப் பணம் கொடுப்பதே அவருடைய முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், செலுத்தப்பட்ட மூலதனமோ நிர்வகிக்கும் சொத்தோ 5 மில்லியன் வெள்ளிக்குக் குறையக் கூடாது.

பெரிய நிறுவனங்கள் கட்டுமானத் தகராறிலோ கப்பல் தகராறிலோ மோதிக்கொள்ளும் இடம் அது. இரு பக்கமும் வழக்கறிஞர்களை வைத்துப் பேரம் பேசித்தான் கையெழுத்துப் போடுவார்கள். அரசு நீதிமன்றத்தில் நடக்கும் உங்கள் கணவரின் விபத்து வழக்கு அந்தப் பட்டியலில் இல்லை. காப்பிக்கடையில் ரொக்கமாக 2,000 வெள்ளி எடுத்துக் கொடுத்தவர் அந்தத் தகுதியில் வரக்கூடியவராகவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அடுத்தவர் வழக்கில் பணம் போடுவதை உரிமைமீறலாகக் காட்டி வழக்குத் தொடுக்கும் பழைய வழியை 5ஏ பிரிவு எடுத்துவிட்டது. அதே பிரிவு, பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்ற பழைய விதி அப்படியே நீடிக்கும் என்றும் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட வகைக்கு வெளியே, வழக்குத் தொகையில் பங்கு கேட்டு எழுதிய தாளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அது நிற்பது கடினம்.

என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. கிடைக்கும் நஷ்டஈட்டில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. 2022ல் வெற்றியைப் பொறுத்த கட்டணத்துக்கு ஓரளவு இடம் கொடுத்தார்கள். அதுவும் நடுவர் மன்றம் போன்ற வழக்குகளுக்குத்தான். காயமடைந்த ஒருவருடைய நஷ்டஈட்டில் 40 விழுக்காடு தனக்கு என்று ஒப்பந்தம் போட்ட வழக்கறிஞர் ஒருவருக்கு 2013ல் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் செய்யத் தடை விதித்தது. வழக்கறிஞருக்கே அப்படி என்றால், எந்தக் கண்காணிப்புக்கும் உட்படாத ஒரு முகவர் உங்கள் நஷ்டஈட்டில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் எப்படிச் சொல்லும்?

'தோற்றால் தர வேண்டாம்' என்றால் கடன் இல்லையா

இந்தப் பேச்சில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். உங்கள் கணவரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு 80 விழுக்காடு பொறுப்பை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இனி எவ்வளவு என்பதுதான் கேள்வி, கிடைக்குமா என்பது இல்லை. அப்படியானால் அந்த மனிதர் எந்த அபாயத்தைச் சுமக்கிறார்? தோற்க முடியாத இடத்தில் வந்து நின்றுகொண்டு, தோற்கும் அபாயத்துக்காக இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கேட்கிறார். 'தோற்றால் தர வேண்டாம்' என்ற வாக்கு உங்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லாதது.

கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்ற ஏற்பாட்டில் பணம் கொடுப்பவரை, அவர் மாறாக நிரூபிக்கும்வரை, கடன் கொடுக்கும் தொழில் செய்பவராகவே நம் கடன் கொடுப்போர் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நண்பர் ஒரே ஒரு தடவை கைமாற்றுக் கொடுத்தது வேறு. இவர் இதையே தொழிலாகச் செய்கிறார் என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. உங்கள் புளோக்கில் இன்னொரு குடும்பத்துக்கும் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் இதைச் செய்தால் முதல் முறை குற்றத்துக்கே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதமும், நான்கு ஆண்டுகள் வரை சிறையும், பிரம்படியும் உண்டு. கொடுத்த கடனை வழக்குப் போட்டு வசூலிக்கவும் அவருக்கு முடியாது.

அவர் பக்கத்து வாதத்தையும் யோசித்துப் பார்த்தேன். 'இது கடன் இல்லை, வழக்கில் நான் போட்ட முதலீடு' என்று சொல்வார். சரி, முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நான் மேலே சொன்ன பொதுநலத் தடையில் மாட்டுவார். கடன் என்றால் உரிமம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தாள் பலவீனமானதுதான்.

தாள் பலவீனமானது, அதனால் பணத்தை வாங்கிவிட்டுப் பிறகு தராமல் இருந்துவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். நீதிமன்றத்துக்குப் போக முடியாதவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். பிள்ளைகள் இருக்கும் வீடு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உங்கள் வழக்கறிஞர் முழு மதிப்பு 60,000 வெள்ளி அளவில் இருக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் 80 விழுக்காடு 48,000. செலவும் கட்டணமுமாக 10,000 கழியும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மீதி 38,000. முகவரிடம் மொத்தம் 10,000 வாங்கியிருந்தால், ஒரு வருடத்துக்குள் முடிந்தால் அவருக்கு 20,000 போகும். கையில் 18,000. ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகிவிட்டால் அவருக்கு 30,000, உங்களுக்கு 8,000. காலில் தகட்டோடு நடப்பவருக்கு 8,000, தாள் நீட்டியவருக்கு 30,000.

உரிமம் பெற்ற கடன் நிறுவனம் இப்படிக் கேட்கவே முடியாது. வட்டி மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்கு மேல் கூடாது. வட்டி, தாமத வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் வாங்கிய அசலைத் தாண்டக் கூடாது. அதாவது, எத்தனை வருடம் இழுத்தாலும் 10,000க்கு மொத்தம் 20,000தான் உச்சம். முகவரின் முதல் வருடக் கணக்கே அந்த உச்சத்தில்தான் தொடங்குகிறது. இதைச் சொல்வதால் உரிமம் பெற்ற இடத்தில் போய் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைந்த சிங்கப்பூரருக்கு அங்கே எல்லா நிறுவனங்களும் சேர்ந்து 3,000 வெள்ளிக்கு மேல் தர முடியாது. அந்த வரம்பை வைத்திருப்பதே உங்களைப் போன்றவர்கள் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

உங்கள் வழக்கு யார் கையில்

90,000 வெள்ளி நிபந்தனைக்கு வருகிறேன். வழக்கறிஞர் 48,000 என்று கணக்கிடும் வழக்கில், 90,000க்குக் கீழே பேசாதே என்று ஒருவர் சொல்வது உங்கள் மேல் உள்ள அக்கறையால் அல்ல. இழுத்தால் அவருக்கு மூன்று மடங்கு.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. காப்புறுதி நிறுவனம் நீதிமன்ற விதிப்படி முறையான சமரச முன்மொழிவு ஒன்றை, பேச்சுக்கு 50,000 வெள்ளி என்று, அனுப்புகிறது என வைத்துக்கொள்ளுங்கள். முகவர் சம்மதிக்காததால் நீங்கள் மறுக்கிறீர்கள். பிறகு நீதிமன்றம் 47,000 என்று தீர்ப்பளிக்கிறது. அந்த முன்மொழிவு வந்த நாளுக்குப் பிறகு எதிர்த்தரப்புக்கு ஆன செலவை நீங்கள் கட்ட வேண்டும் என்று உத்தரவு வரலாம். அந்தச் செலவை முகவர் கட்டுவாரா? தாளில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

அப்புறம், அவர் சொல்லும் வழக்கறிஞர். வழக்கைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குப் பணம் கொடுத்து வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர்களுக்கு ஒழுக்கக் குற்றம். ஒரு முகவர் வழியாகவே வழக்குகளைப் பெறும் வழக்கறிஞர், நெருக்கடி வரும்போது உங்கள் பக்கம் நிற்பாரா, முகவர் பக்கம் நிற்பாரா என்று யோசியுங்கள். மருத்துவ அறிக்கைகளையும் உங்கள் வழக்கறிஞரின் கடிதங்களையும் படம் எடுத்துத் தரும்படி முகவர் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையில் நடக்கும் பேச்சு ரகசியமாக இருக்கும்வரைதான் சட்டம் அதைக் காக்கும்.

அரசாங்கம் வழி திறக்கக் கூடாதா

நீங்கள் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நியாயமானதும்கூட. காப்புறுதி நிறுவனத்தால் இரண்டு வருடம் காத்திருக்க முடியும். வாடகையும் பள்ளிச் செலவும் உள்ள குடும்பத்தால் முடியாது. அந்த அவசரத்தாலேயே எத்தனையோ பேர் நியாயமான தொகைக்கு வெகு கீழே சமரசம் செய்துகொள்கிறார்கள். முறையான முன்பணம் கிடைத்தால் அவர்களுக்கு அது உதவிதான். அதை நான் மறுக்கவில்லை.

அமெரிக்காவில் இது பெரிய தொழிலாகவே நடக்கிறது. அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒஹாயோ மாநிலத்தில் விபத்தில் காயமடைந்த ஒரு பெண் ஒரு நிறுவனத்திடம் 6,000 டாலர் வாங்கினார். பன்னிரண்டு மாதத்துக்குள் வழக்கு முடிந்தால் 16,800, பதினெட்டு மாதத்துக்குள் என்றால் 22,200, இரண்டு வருடத்துக்குள் என்றால் 27,600 என்று பேச்சு. இன்னொரு நிறுவனத்திடம் 1,000 வாங்கினார், அதற்கு 2,800. வழக்கறிஞருக்கு 30 விழுக்காடு. 28,000 டாலருக்குச் சமரசம் வந்தால்கூட எல்லாருக்கும் கொடுத்தபின் அவர் கையில் ஒரு காசு மிஞ்சாது. நியாயமான சமரசத்தையும் மறுக்கும்படி இந்த ஏற்பாடே அவரைத் தள்ளுகிறது என்று சொல்லி, 2003ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அதோடு கதை முடியவில்லை. 2008ல் அதே மாநிலம் சட்டம் இயற்றி இந்தத் தொழிலை நிபந்தனைகளோடு அனுமதித்தது: எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும், ஐந்து வேலை நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், வழக்கு நடத்துவதிலோ சமரசத்திலோ நிறுவனம் முடிவெடுக்கக் கூடாது. விலைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. ஆர்கன்சா 2015ல் ஆண்டுக்கு 17 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. இந்தியானா அடுத்த ஆண்டு 36 விழுக்காடு என்றது. வரம்பு மிகவும் இறுக்கமாக இருந்தால் நிறுவனங்கள் அந்த மாநிலத்தை விட்டே போய்விடும் என்று தொழில் தரப்பு வாதிடுகிறது. விவரத்தைச் சொன்னால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. வாடகை கட்ட வழியில்லாமல் கையெழுத்துப் போடுபவர், விலை தெரிந்தும்தான் போடுகிறார்.

சிங்கப்பூர் ஒருநாள் தனிமனிதர்களுக்கும் இதைத் திறப்பதாக இருந்தால், வெளிநாட்டைப் பார்த்து எழுத வேண்டிய அவசியமே அதிகம் இல்லை. கடன் கொடுப்போர் சட்டத்தில் உள்ள பாதுகாப்பை அப்படியே கொண்டுவரலாம்: உரிமம், அசலைத் தாண்டாத மொத்த வரம்பு, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்ற கட்டாயம், ஒப்பந்தப் பிரதி. அவற்றோடு, சமரசத்தில் தலையிடத் தடையும், வழக்கறிஞருக்கோ தரகருக்கோ தரகுப்பணம் கொடுக்கத் தடையும், விலகுவதற்குச் சில நாள் அவகாசமும் சேர வேண்டும். சாலை விபத்து நஷ்டஈடு சில வகைகளில் பொது அறங்காவலர் அலுவலகம் வழியாகப் போகும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே உண்டு. கழிக்கப்படும் தொகையைப் பார்வையிட ஒரு கண் அங்கே இருக்கிறது. இவற்றில், சமரசத்தில் தலையிடக் கூடாது என்ற தடையைத்தான் நான் முதலில் வைப்பேன். விலை அதிகம் என்றால் பணம் போகும். வழக்கின் பிடி போனால் எல்லாம் போகும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் இதை எடுத்துச் சொல்லுங்கள். உங்களைப் போன்ற ஒருவர் சொல்லும்போது அதற்கு எடை அதிகம்.

இப்போதைக்குப் பணத்துக்கு என்ன வழி

உங்கள் கையில் இருக்கும் முக்கியமான பலம், எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்ட அந்த 80 விழுக்காடு. பொறுப்பு முடிவாகி, தொகை மட்டும் பாக்கி இருக்கும் வழக்கில் 'இடைக்காலத் தொகை' கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இறுதியில் வரும் நஷ்டஈட்டில் ஒரு பகுதி முன்பே கிடைக்கும். வட்டி கிடையாது. பல சமயம் மனு வரைக்கும் போகாமல், வழக்கறிஞர் ஒரு கடிதம் எழுதினாலே காப்புறுதி நிறுவனம் ஏதாவது ஒரு தொகையை முன்னதாகத் தர இணங்குவதுண்டு. முகவர் விற்கும் முன்பணத்தின் நியாயமான வடிவம் இதுதான். இதுவரை யாரும் இதை உங்களிடம் சொல்லவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. முதல் வேலையாக இதைக் கேளுங்கள்.

மருத்துவமனைக் கட்டணம் பாக்கி என்றால் அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான மெடிஃபண்ட் உதவிக்கு அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு உங்கள் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தில் அரசாங்கத்தின் காம்கேர் குறுகிய, நடுத்தரக் கால உதவி கேட்கலாம். காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கும் உள்ள உதவி அது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு, இந்தியர் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவை அணுகுங்கள். வழக்கறிஞர் கட்டணமே சுமை என்றால், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான லீகல் எய்ட் பியூரோவில் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்; வருமானம், சேமிப்பு, வீட்டின் ஆண்டு மதிப்பு ஆகியவற்றை வைத்து முடிவு செய்வார்கள்.

வாங்கிவிட்ட 2,000 வெள்ளி

உரிமம் இல்லாதவரிடம் வாங்கியதை நினைத்து உங்கள் கணவர் குற்றவாளிபோலக் கூனிக் குறுக வேண்டாம். சட்டத்தின் கோபம் கொடுத்தவர் மேல்தான். ஆனால் ஏடிஎம் அட்டை அப்படி இல்லை. அட்டையையோ வங்கிக் கணக்கையோ கொடுத்து, அது சட்டவிரோதக் கடன் தொழிலுக்குப் பயன்பட்டால், அட்டைக்காரரும் உடந்தை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். பணம் வாங்கியவர் குற்றம் சாட்டப்பட்டவராக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டு மடங்காக நாலாயிரம் கொடுத்து முடித்துவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம். அசலையாவது திருப்பிக் கொடுத்தால்தான் மனசு ஆறும் என்று நீங்கள் எழுதியிருப்பது புரிகிறது. அதையும் வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுக்கவே வேண்டாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். சனிக்கிழமை வந்தால், கதவைத் திறந்து உட்காரவைத்துப் பேசத் தேவையில்லை. 'வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டோம், இனி வேண்டாம்' என்று ஒரே வரியில் குறுஞ்செய்தி முன்பே அனுப்பிவிடுங்கள். மிரட்டினால் 999. சட்டவிரோதக் கடன் பற்றித் தகவல் சொல்ல 1800-924-5664 என்ற எண்ணும் இருக்கிறது. மாமா மகன் மனம் வருத்தப்படுவாரே என்று தயங்காதீர்கள். அவருக்கும் இதில் என்ன பங்கு பேசியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

வழக்கறிஞர் கோபித்துக்கொள்வாரா

மாட்டார். எங்களிடம் வருபவர்களில் இப்படி எங்காவது பணம் வாங்கிவிட்டுத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். சொல்லாமல் விட்டு, சமரசம் பேசும் நாளன்று அந்தத் தாள் வெளியே வருவதுதான் சங்கடம். நான் முன்பு சொன்ன 2013 தீர்ப்பிலேயே, ஏழைக் கட்சிக்காரர் ஜெயித்தால்தான் தன் கட்டணம் கைக்கு வரும் என்று தெரிந்தும் அவருக்காக வாதாடும் வழக்கறிஞரை நீதிமன்றம் குறை சொல்லவில்லை, அதை மதிப்போடுதான் பார்த்தது. ஆகவே கட்டணத்தை வழக்கு முடிந்தபின் தரலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வழக்கு உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் அவரும் கூட வர வேண்டும். அந்தத் தாள், வாட்ஸ்அப் செய்திகள், கடைசி மூன்று மாத மருத்துவக் கட்டணச் சீட்டுகள், அவருடைய பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இடைக்காலத் தொகை கேட்பதற்கும் அவை தேவைப்படும். அங்கே கேட்க வேண்டியது இரண்டு: இடைக்காலத் தொகைக்கு எப்போது எழுதுவீர்கள்? இன்றுவரை ஆன செலவு எவ்வளவு, எழுத்தில் தர முடியுமா?

அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ள உங்கள் கணவருக்கு முழு உரிமை உண்டு. மாற்றும்முன் வேறொருவரின் கருத்து வேண்டுமென்றால், புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களில் ஒன்றில் பதிந்துகொண்டு போகலாம். யாரை வைப்பது என்பதை உங்கள் கணவரே விசாரித்து முடிவு செய்யட்டும். அந்தத் தாளில் காலியாக உள்ள கோட்டில் யார் பெயரும் ஏற அவர் சம்மதிக்கவில்லை என்பதையும், வேறு எதையும் முகவருக்கு எழுதும்முன், வழக்கறிஞர் கையால் ஒரு கடிதமாக அனுப்பச் சொல்லுங்கள்.